அப்பா அறுத்த குழாய்

முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தண்ணீரின் சூடுதான். மார்கழி விடியலில், பற்கள் கிட்டித்துக்கொள்ள, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாயடியில் போய் நின்றால், பூமிக்குள்ளிருந்து ஏறி வரும் தண்ணீர் இளஞ்சூடாகக் காலில் விழும்; துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்ததுபோல லேசான இரும்பு வாடையும் கூடவே வரும். அந்த வாடைக்கு மூக்கைச் சுளிக்கும் விருந்தாளிகளை எனக்குப் பிடிக்காது.

எங்கள் பக்கத்தில் அதை "ஊத்துக் குழா" என்பார்கள். ஆழத்தில் குழாயை இறக்கிவிட்டால் போதும். ஏற்றமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம், அடியில் நெருக்குண்டு கிடக்கும் தண்ணீர் தானே மேலேறி வந்து ஓயாமல் வழியும். நெய்வேலிக்கும் கம்மாபுரத்துக்கும் நடுவே, பரவனாற்றின் கரையில், அரை ஏக்கர்கூடத் தேறாத ஒரு துண்டு நிலத்தில் அப்படி ஒரு குழாயும், அதையொட்டி அப்பா கட்டிய ஓட்டு வீடும் எங்களுக்கு இருந்தன. ஐம்பதுகளின் கடைசியில் அங்கே குடிபோனபோது எனக்கு ஆறு வயது. குழாயின் வாய் என் நெற்றி உயரத்தில் இருந்தது.

அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். அவருடைய அப்பாவும் அதற்கு முந்தியவர்களும் ஊரார் நிலத்தில் ஏற்றம் இறைத்தே உள்ளங்கை காய்த்துப்போனவர்கள். சொந்தமென்று சொல்ல ஒரு சாண் மண் இல்லாத குடும்பம். "பர்மனென்ட்" ஆனதும் கிடைத்த குவார்ட்டர்ஸை, வாசலிலேயே தண்ணீரும் விளக்கும் உள்ள வீட்டை, விட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, கூட வேலை பார்த்தவர்கள் "பண்ணையார் வர்றாரு, வழி விடுங்க" என்று கேலி செய்தார்கள். அவருக்கு அந்தக் கேலி இனித்தது. ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் கத்தரி, வாழை, ஒரு பலாக்கன்று என்று எதையாவது நட்டுக்கொண்டிருப்பார். விளைந்ததை விற்றதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிற நண்பர்களின் சைக்கிளில் கட்டி அனுப்பிவிடுவார்.

அம்மா மட்டும் குடிவருவதற்கு முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள்: "தண்ணிக்காக நான் கொடத்தத் தூக்கிக்கினு அலைய மாட்டேன். இந்தத் தண்ணி நின்னுச்சின்னா அன்னிக்கே குவார்ட்டர்ஸுக்குக் கெளம்பிடுவேன், ஆமா." அப்பா சிரித்தார். அது நிற்கும் என்று அன்று யார் சொல்லியிருந்தாலும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்திருப்போம்.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு கோடையில், வளைந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் குழாயை ஒட்டியே வழிய ஆரம்பித்து, ஒரு நாள் காலையில் வாய்க்கு ஒரு விரல் கீழே நின்றுவிட்டது. அப்பா இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்து வந்து, என்னைக் குழாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மேலிருந்து ஒரு முழம் விட்டு அறுத்தார். "ஆட்டாத பாப்பா, ஆட்டாத" என்று இரண்டு முறை அதட்டினார். எனக்கு ரோஷம் வந்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். துண்டு கழன்று விழுந்ததும் வெட்டுவாயில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. "குழா அடச்சிக்கினு இருந்துச்சா?" என்று எட்டிப் பார்த்த அம்மாவிடம் அப்பா "ஆமா" என்றார். அம்மா அந்தத் துண்டை எடுத்துப்போய் அடுப்புக்கு ஊதுகுழலாக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு சாண், அரைச் சாண் என்று அறுக்க வேண்டியிருந்தது. குழாய் என் இடுப்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. நான் மளமளவென்று வளர்கிறேன் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். குழாய் குறைவதை நான் யோசிக்கவே இல்லை.

யோசிக்க வைத்தவள் பக்கத்துக் கொல்லை அஞ்சலை. அவளுடைய குழாயும் நின்றுபோய் நாற்று காய்ந்திருந்தது. வேலியோரம் வந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"உன் வூட்டுக்காரரு அங்க மோட்டார் போட்டு உறிஞ்சிக்கினே இருந்தா, இங்க எப்பிடி தங்கச்சி தண்ணி ஏறும்?"

"அவரு மைன்ஸ் தண்ணியத்தான எறைக்கறாரு?"

"அந்தத் தண்ணியும் இந்தத் தண்ணியும் ஒண்ணுதான். கீழ ஒரே தண்ணி. தெரியாத மாதிரி பேசாத."

அம்மாவுக்கு உண்மையாகவே தெரியாது. மதியம் ஷிப்ட் முடிந்து அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், "அஞ்சலை சொல்றது நெசமா? உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "மொத தடவ அறுத்தப்பவே தெரியும்" என்றார். "சொன்னா நீ கெளம்பிடுவியே."

"அப்ப ஒரு நாளாவது நிறுத்தக்கூடாதாப்பா?" என்று நான் கேட்டேன்.

"நிறுத்தினா மைன்ஸுக்குள்ள வெட்டிக்கினு நிக்கறவங்க காலடியில தண்ணி பொத்துக்கினு வரும் பாப்பா. அஞ்சலை மவனும் அங்கதான் நிக்கறான்."

அன்று முழுக்க அப்பாவிடம் நான் பேசவில்லை. என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என் கண்ணெதிரே, குழாய் அடைத்திருந்ததென்று அம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. அம்மா, அஞ்சலையின் மகனைச் சொல்லி அஞ்சலையின் வாயை அடைக்கப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது தெரியாமலா அவ வந்து கத்தினா" என்றாள்.

குழாய் தரைமட்டத்துக்கு வந்தது. பிறகு அதைச் சுற்றி அப்பா பள்ளம் தோண்டி, படி வெட்டி, பள்ளத்துக்குள் இறங்கி அறுத்தார். அம்மா குடத்தோடு இரண்டு படி இறங்கினாள், பிறகு நான்கு, பிறகு ஏழு. கிளம்புகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லிவிடுவாளோ என்று அப்பாதான் அவள் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். அந்த நாட்களில் அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு இப்போது கரை தொட்டு ஓடியது. சுரங்கத்தில் இறைக்கிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி அதில்தான் விட்டிருந்தார்கள். பள்ளத்துக்குள்ளும் ஊற்று நின்றுபோன நாளில், அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், இரண்டு மண்ணெண்ணெய் டின்களை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். வேலை நேரமெல்லாம் அங்கே இறைத்துவிட்ட தண்ணீரை இங்கே மொண்டு, கரையேறி, வாழைக்கும் பலாவுக்கும் ஊற்றினார். "இதுவும் நம்ம தண்ணிதான் மரகதம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஒரு மாதம் போலப் போயிருக்கும். ஒரு மாலை காப்பித் தம்ளரை நீட்டிய அம்மா, வாங்க வந்த அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். டின் கம்பி அறுத்து அறுத்து உள்ளங்கை தடித்திருந்தது.

"உங்க அப்பா கை மாதிரியே ஆயிப்போச்சி. போதுங்க, கெளம்பலாம்."

அப்பா தம்ளரை வாங்கிக்கொண்டு போய்ப் பலா மரத்தடியில் உட்கார்ந்தார். அது அப்போதுதான் முதல் பிஞ்சு விட்டிருந்தது. அடுத்த வாரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம்.

வீடு இருந்த இடம் இன்று, சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டுக்கு அடியில் இருக்கிறது. பலா, பள்ளம், வேலி, அஞ்சலையின் கொல்லை, ஒன்றும் மிச்சமில்லை. ஆறு ஓடிய தடத்தைக்கூட என்னால் காட்ட முடியாது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். கேஸ் அடுப்பு வந்த பிறகும் அம்மா தூக்கிப் போடாத ஊதுகுழல் மட்டும் என் சமையலறை மூலையில் நிற்கிறது. முகர்ந்து பார்த்தால் கரி வாடைதான் வருகிறது. அவள் வாய் வைத்து ஊதிய முனை வழவழப்பாக இருக்கிறது. அப்பா அறுத்த முனை ஏகத்துக்குக் கோணல். தினமும் குழாயோடு புழங்கிய மனிதர் அறுத்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "ஆட்டாத பாப்பா" என்று அதட்டினாரே, அன்று நான் குழாயை ஆட்டவே இல்லை.