பயணியின் தொழுகை

வெளிநாட்டு நகரமொன்றில், சென் ஜேம்ஸ் ரவுண் பகுதி. அடுக்குமாடியின் அடித்தளத்தில் துணி துவைக்கும் இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருக்கின்றன. மேலே நியாஸின் அறையில் இரவு வேலைக்குப் போய்வந்தவர்கள் தூங்குகிறார்கள். தொழ இடம் இதுதான். தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் நியாஸும் ஒருவர். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. பழைய படுக்கை விரிப்பை, இங்கே தொழும் திசையான வடகிழக்காக விரிக்கிறார்.

"நானா, நீங்க முன்னுக்கு நிண்டு தொழுவியுங்கோ," என்கிறார். நானா என்றால் அவர் பேச்சில் அண்ணன்.

வயதில் மூத்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதியில்லை. காயல்பட்டினத்துக்காரன், நாளை மறுநாள் கிளம்புகிறவன். பயணிக்கு மார்க்கம் சலுகை தருகிறது. நண்பகல் தொழுகையான லுஹரின் நான்கு ரக்அத்தை, நான்கு சுற்றை, இரண்டாகச் சுருக்கலாம். சுருக்கி, ஸலாம் கொடுத்து முடிக்கிறேன். பின்னால் நியாஸ் எழுந்து மீதி இரண்டையும் அவசரமில்லாமல் தொழுகிறார்.

"கேஸ் இன்னும் முடியலையே தம்பி. நீங்களும் பயணிதானே?"

"இல்லை நானா. நாலு நாள் தங்கிற எண்ணத்தோட வந்தாலே மார்க்கத்தில ஊர்க்காரன்தான். இமிகிரேசன்காரன்தான் மூண்டு வருசமா யோசிக்கிறான்."

உலர்த்தும் இயந்திரத்திலிருந்து காய்ந்த சட்டைகளை எடுத்து மடிக்கிறார். நானும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

"வாப்பா புத்தளத்தில, அகதி முகாமில இருக்கிறார்," என்கிறார். "வந்த நாளில இருந்து ரெண்டுதான் தொழுறார். மௌலவி சொல்லியும் கேக்கிறாரில்லை. கேட்டா, நாளைக்கு யாழ்ப்பாணம் போறம் எண்டுறார்."