ரப்பர் வட்டலாப்பம்

எங்கள் பக்கத்தில் விருந்தாளி மறுசோறு வாங்காமல் எழுந்துவிட்டால் சமைத்தவளுக்கு அன்று தூக்கம் வராது. போதும் என்று இலைமேல் கையை வைத்து மறித்தாலும், விரலிடுக்கில் சோற்றைத் தள்ளிவிட்டுப் போவதுதான் உபசாரம். அப்படி வளர்ந்த நான் இரண்டு வருடமாக ஒரு தோழிக்குக் கிண்ணத்தில் அளந்து சோறு போட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டால் முறைத்தேன்.

அவள் கீழ்வேளூர்க்காரி. அங்கே அவளுடைய வயல் குத்தகையில் இருக்கிறது; மகன் துபாயில் இருக்கிறான். நானும் அவளும் கூத்தாநல்லூர்க்காரி ஒருத்தியும் ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள். எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை, ஊர்தான் பெயர். கீழ்வேளூர்க்காரிக்குச் சர்க்கரை முற்றி, இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸ் என்று ஆனபோது, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தஞ்சாவூரில் என் வீட்டில் என்று முடிவு செய்தோம். அவளுக்கு என்ன பத்தியமோ, மற்ற இரண்டு பேருக்கும் அதுவேதான். எல்லோரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடும்போது ஒருத்தி மட்டும் பத்தியச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பொட்டாசியம் அவளுக்கு ஆகாது; அது இறங்குவதற்காகக் காய்களைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்ட வேண்டும். ருசியும் மணமும் சாக்கடையோடு போனபிறகு மிஞ்சுகிற சக்கைதான் பொரியல். தேங்காய், தக்காளி, கீரை, இளநீர் எதுவும் ஆகாது. உப்பு ஒரு சிட்டிகை. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. வெங்காயத்தை வதக்கி, மிளகைத் தட்டிப் போட்டு, எலுமிச்சை நாலு சொட்டு விட்டு எப்படியோ ஒப்பேற்றுவேன்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாங்க. நீங்க என்னன்னா தட்டுலயே போடுறீங்க," என்பாள் கீழ்வேளூர்க்காரி. "அங்க வேதாரண்யத்துல மலைமலையாக் குவிச்சு வச்சிருக்கான். எனக்கு ஒரு கல்லு உப்புக்கு வழியில்ல பாரு."

சொல்லிவிட்டு ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிடுவாள்.

நோயைவிட அக்கம்பக்கம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வாழைத்தண்டோடு வந்துவிடுவார்கள். "கிட்னிக்கு இதவிட மருந்து கெடையாது டீச்சர், சாறு புழிஞ்சு குடுங்க." கல்லடைப்புக்குச் சொன்ன வைத்தியத்தைச் செத்துப்போன கிட்னிக்கும் சேர்த்துவிட்டார்கள். அவளுக்கு அது விஷம் என்று டாக்டர் சொன்னதை வாய் வலிக்கச் சொன்னேன். மறுவாரமும் கேட்டில் ஒரு தண்டு சாத்தியிருக்கும். எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன். மாட்டின் கிட்னி நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அவளுக்கு உயிர், கூத்தாநல்லூர் வட்டலாப்பம். பெருநாள் முடிந்து கூத்தாநல்லூர்க்காரி தூக்கில் கொண்டுவந்தால், மணி அடிப்பதற்குள் ஸ்டாஃப் ரூமிலேயே பாதியைக் காலிசெய்துவிடுவாள். முட்டையும் கெட்டித் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து அவிக்கிற பண்டம். முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் சேர்க்கலாம் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் பத்திய வட்டலாப்பம் செய்யக் கிளம்பினோம். வெள்ளைக்கருவை அடித்து, பால் இரண்டு கரண்டி, இனிப்பு மாத்திரை, ஏலக்காய் போட்டு இட்லிப் பானையில் வைத்தோம். வெள்ளைவெளேரென்று வந்தது. கரண்டியால் தட்டினால் துள்ளியது.

"இத வச்சு நோட்டுல அழிக்கலாம்டி," என்றாள் கீழ்வேளூர்க்காரி. அன்றிலிருந்து அதற்கு ரப்பர் என்று பெயர். வாரம் தவறாமல் செய்தோம், ஒரு வாரம்கூட உருப்படவில்லை. தன் துண்டைத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று கையை நீட்டுவாள். நான் முறைப்பேன். அவள் சிரிப்பாள்.

ஆற்றில் தண்ணீர் வந்த வாரம், டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் ரொம்ப பலவீனமாகிவிட்டது, இனி மிஷினில் போட்டால் தாங்காது என்றார். "அவங்க ஆசைப்படுறதைக் குடுங்கம்மா," என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க நான் ஒன்றும் குழந்தை இல்லை. மகன் போனில் அழுதான். "நான் வர்ற வரைக்கும் அம்மாட்ட சொல்லாதீங்க ஆன்ட்டி." அவளிடம், உடம்பு தேறும்வரை டயாலிசிஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னோம். சரி என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூத்தாநல்லூர்க்காரி அசல் வட்டலாப்பம் கொண்டுவந்தாள். முழுத்தேங்காய் பிழிந்த பால், அளவு பார்க்காத சர்க்கரை. வீடே மணத்தது. கீழ்வேளூர்க்காரி ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு மனசு தாளவில்லை. கரண்டி நிறைய எடுத்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கடி," என்று தட்டில் தள்ளினேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா மறுசோறு கேட்டா மொறைப்ப. இன்னைக்கு நீயாப் போடுற," என்றாள். "டாக்டர் என்னடி சொன்னாரு?"

கூத்தாநல்லூர்க்காரி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கீழ்வேளூர்க்காரி தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தாள்.

"வாயக் கட்டி வச்சிருந்தீங்கல்ல, அப்பல்லாம் பொழச்சிருவேன்னுதான் இருந்தேன்," என்றாள். "இது வேணாம்டி. அடுத்த வாரம் ரப்பரே செஞ்சு குடு. அளந்தே குடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளால் வர முடியவில்லை. ரப்பரைச் செய்து அடுத்த தெருவில் இருந்த அவள் வீட்டுக்கு எடுத்துப்போனோம். மகனுக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. தலையணைகளை அண்டக்கொடுத்து உட்காரவைத்து, ரப்பரில் ஒரு துண்டு வைத்துத் தட்டைக் கையில் கொடுத்தேன். நுனியைக் கிள்ளி வாயில் வைத்தாள், விழுங்க முடியவில்லை. துண்டு அப்படியே இருந்தது.

இருந்தும் கையை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம்," என்றாள். நான் முறைப்பதற்காகக் காத்திருந்தாள். எனக்கு முறைக்க வரவில்லை.