மோட்டார் ஓடிய டேக்

அந்த ஊரில் வாத்தியம் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் அவள் 'கப்சிப் அக்கா'. தொழில் ஒலிப்பதிவு. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் பக்கத்து அறையிலிருந்து மைக்கில், "எல்லாரும் கப்சிப்!" என்று ஓர் அதட்டல் போடுவாள். தலை நரைத்த வித்வான்கள்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயை மூடிக்கொள்வார்கள். அவள் பதிவு செய்து கொடுத்த எதிலும் ஒரு தும்மல், ஒரு நாற்காலி முனகல் இருக்காது. உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

வீட்டில் மட்டும் அந்த அதட்டல் செல்லுபடியாகாது. கணவர் ரஸ்க் கடித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நாத்தனார் போனில் பேச ஆரம்பித்தால் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். இந்த இரைச்சலுக்கு நடுவே, பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் பிறர் வாசித்ததைச் சுத்தம் செய்துகொண்டிருப்பாள். என்ன பிழைப்போ!

அதிலும் அவளிடம் வந்து சேர்வதெல்லாம் புதுமாதிரி மேற்கத்தியச் சாஸ்திரிய இசை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் உட்கார்ந்து, இப்போது உயிரோடு இருக்கிற யாராவது எழுதியதை வாசிப்பார்கள். வில்லைத் திருப்பிப் பிடித்துத் தேய்ப்பார்கள், வாத்தியத்தின் பெட்டியை விரலால் தட்டுவார்கள். கணவர் கதவருகே நின்று, "ஆரம்பிச்சுட்டாங்களா, இல்ல இன்னும் சுருதிதான் சேர்க்கறாங்களா?" என்று கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து அதே கேள்வி. அவளும் பதில் சொல்வதை என்றோ விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் அவளுடைய உயிரை வாங்கியது ஒரு நால்வர் குழு. ஒரு பழைய அரங்கத்தை ஒரே ஒரு நாளுக்குப் பிடித்திருந்தார்கள். வயோலாக்காரர் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம் அது, குரலும் கனம். மைக்கைச் சரிபார்க்க அவரை ஒரு ஸ்வரத்தை நீட்டி வாசிக்கச் சொன்னாள். ஹெட்போனில் கேட்டவள் நிமிர்ந்தாள்.

"சார், வில் பிடிக்கிற கைல என்ன?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு விரல் மரத்துப் போகுது அக்கா. கொஞ்ச நேரம் வாசிச்சா கை என் பேச்சைக் கேக்கறதில்ல. அடுத்த வாரம் ஆபரேஷன். அதுக்கப்புறம் வாசிக்க முடியுமான்னு கேட்டா டாக்டரே கையை விரிக்கறார்."

"இவங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லிடாதீங்க. சொன்னா பாவம் பாத்து, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு தலையாட்டுவாங்க. எனக்கு நிஜமாவே நல்லா இருக்கணும். மூணாவது பகுதில அந்த நீளமான ஸ்வரம் இருக்கில்ல, அது ஒண்ணு ஒழுங்கா பதிவாகிட்டா போதும்."

அந்த இடத்தில் மற்ற மூன்று பேரும் நிறுத்திவிடுவார்கள். வயோலா மட்டும் ஒரே ஸ்வரத்தை, வில் திரும்புவதே தெரியாமல், இழுத்துக்கொண்டே போக வேண்டும். 'ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு போல' என்று இசையமைப்பாளரே எழுதி வைத்திருந்தார். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய கை தாங்குகிறவரைக்கும் அதை முடித்துவிடலாம் என்று அவள் அந்தப் பகுதியையே முதலில் எடுத்துக்கொண்டாள்.

முதல் டேக்கிலேயே மனிதர் பிரமாதப்படுத்திவிட்டார். அவளுக்குப் புல்லரித்தது. ஆனால் அந்த ஸ்வரம் தொடங்கிய அதே நேரத்தில்தான் அரங்கத்துக்குப் பின்னால் குர்ரென்று தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. ஸ்வரத்தின் முதலிலிருந்து முடிவுவரை அது கூடவே ஓடியது.

அவள் தலைதெறிக்க ஓடினாள். வாட்ச்மேன் பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னைக்கு மோட்டார் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"நீங்க சொன்னீங்க மேடம். தண்ணி சொல்லிட்டா வருது? வர்றப்ப ஏத்தலைன்னா என்னைத்தான் நாலு பேர் திட்டுவாங்க."

அவரிடம் என்ன பேசுவது? தொட்டி நிரம்பி மோட்டார் ஓய்ந்த பிறகாவது சட்டென்று இன்னொரு டேக் எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் ஆளாளுக்கு நாட்டாமை. முதல் வயலின் அம்மாளுக்குத் தான் வாசிக்கத் தொடங்கிய விதம் திருப்தியில்லை. "இன்னொண்ணு எடுத்துடலாமே." செல்லோக்காரருக்கு நாற்காலி சரியில்லை. "இன்னொண்ணு." இரண்டாவது வயலின்காரர் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர்; யார் என்ன சொன்னாலும் "ஆமாமா, இன்னொண்ணு" என்பார். அந்த நீண்ட ஸ்வரம்வரை ஒரு டேக்கும் போய்ச்சேரவில்லை. ஒவ்வொரு 'இன்னொண்ணு'க்கும் வயோலாக்காரர் கையைத் தொடைக்குக் கீழே ஒளித்துவைத்து உதறிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டும் அவளால் வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை. வாக்குக் கொடுத்துத் தொலைத்தாயிற்றே!

மத்தியானம் அது நடந்தது. நீண்ட ஸ்வரத்தின் பாதியில் கை நடுங்கியது. வில் கம்பியை விட்டுத் துள்ளி, கரகரவென்று கிறீச்சிட்டு, மறுபடி தடுமாறி வந்து ஒட்டியது. வயோலாக்காரர் முகம் வெளிறிவிட்டது. அவளுடைய பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர் நாற்காலி கவிழ எழுந்தார்.

"இதுதான்! இதுதான் மேடம் எனக்கு வேணும்! என்ன ஒரு நடுக்கம்! உயிர் இருக்கு இதுல!"

"தம்பி, ஸ்கேல் வெச்ச கோடுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"எழுதறப்ப எனக்கே தெரியலை."

அடப்பாவி! அரங்கத்திலிருந்த மூன்று பேரும் வில்லால் ஸ்டாண்டைத் தட்டிப் பாராட்டினார்கள். புதுமாதிரி சங்கீதத்தில் இது ஒரு தொல்லை. எது வாசிப்பு, எது வலி என்று வாசிக்கிற கூட்டத்துக்கே தெரியாது. வயோலாக்காரர் தலையைக் குனிந்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இசையமைப்பாளர் போன் மேல் போன் போட்டார். "மத்தியான டேக்தானே மேடம்? மறந்துடாதீங்க." அவள் "பாக்கலாம், பாக்கலாம்" என்று பல்லைக் கடித்தாள். பின்னறையில் உட்கார்ந்து காலை டேக்கிலிருந்து மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் அந்த உறுமலைக் கொஞ்சம் சுரண்டினால் வயோலாவும் கொஞ்சம் தேய்ந்தது. முழுக்கச் சுரண்டினால் மோட்டார் போய்விடும், ஆனால் வயோலா டெலிபோனில் கேட்கிற மாதிரி மெலிந்துவிடும். தலைகீழாக நின்றும் நடக்கவில்லை. கடைசியில் கனத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அடியில் ஒரு துளி உறுமலை விட்டுவைத்தாள். தன் கையாலேயே ஒரு அழுக்கை வெளியே அனுப்புகிறோமே என்று இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். "எங்கேயாவது பைப் லீக்காகுதா?"

"உங்க வாய்தான் லீக்காகுது. போங்க!"

எந்த டேக் என்று யாரிடமும் சொல்லாமல் முடித்த பதிவை அனுப்பினாள். எரிமலை வெடிக்கும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இசையமைப்பாளர் கூப்பிட்டார்.

"மேடம், அந்த நடுக்கம்! நான் அப்பவே சொன்னேன்ல? என்னமா வந்திருக்கு!"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "நீங்க சொன்னா சரியாத்தான் தம்பி இருக்கும்," என்று போனை வைத்தாள்.

வயோலாக்காரர் ஆபரேஷன் முடிந்து, கையில் கட்டோடு ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தார். சாவி திருப்பலாமாம், கையெழுத்துப் போடலாமாம். வில் பிடிக்கிற எண்ணத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டார்களாம். இதைத் தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அவள் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, மூன்றாவது பகுதியைப் போட்டாள். நீண்ட ஸ்வரம் வந்தது. அவர் முன்னால் சாய்ந்தார்.

"அக்கா, மோட்டார் ஓடுது."

அவளுக்கு உயிரே போய்விட்டது. "கேக்குதா? ஐயோ, யார் காதுலயும் விழலையே! இன்னும் சுரண்டினா நீங்களும் சேந்து போயிடுவீங்க போல இருந்துச்சு. இருங்க, மறுபடி வேணா பாக்கறேன்..."

"தொடாதீங்க."

கட்டுப் போட்ட கையால் அவளுடைய கையைத் தடுத்தார். "எல்லாருக்கும் மத்தியானம் வாசிச்சதுதானே பிடிச்சுது. அதைத்தான் போட்டிருப்பீங்கன்னு பயந்துகிட்டே வந்தேன். மோட்டார் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. இது காலைல வாசிச்சது. அப்ப கை என் பேச்சைக் கேட்டுச்சு."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஸ்பீக்கர்ல ஒரு தடவை போடுங்களேன்," என்றார்.

சமையலறையில் கணவர் ரஸ்க் கடிக்கிற சத்தம் கேட்டது. கூடத்தில் நாத்தனார் போனில் யாரையோ வறுத்துக்கொண்டிருந்தாள். கப்சிப் அக்கா பின்னறைக் கதவைத் திறந்து, தொண்டை கிழிய, "எல்லாரும் கப்சிப்!" என்று கத்தினாள். குரலில் என்ன இருந்ததோ, நாத்தனார் போனை வைத்துவிட்டாள். கணவர் பாதி ரஸ்க்கை வாயில் வைத்தபடி மெல்லாமல் நின்றார்.

மோட்டார் ஓடியது. அதற்கு மேலே அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.