ஹேண்ட் பிரேக்கை நம்பிப் படுத்தேன்

தங்கச் சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மாரிகுப்பத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்தபின் பொழுது போக ஒரு பழைய ஜீப் வாங்கி, கரட்டுப் பாதைக்காக அதன் உடலைச் சக்கரங்களுக்கு மேல் உயர்த்தினேன். அதனால் பின்சக்கரங்களைச் சுழற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் போதவில்லை.

வாசல் சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, ஷாஃப்ட்டைக் கழற்ற அடியில் படுத்தேன். அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதே அந்த ஷாஃப்ட்டைத்தான். தெரிந்தும் மறந்துவிட்டேன். கடைசி போல்ட் கழன்றதும் வண்டி உருண்டு, ஒரு கல்லில் இடித்து நின்றது. என் சட்டைக் கை சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

கத்தினேன். காலை ரயிலில் லைனே பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தது. வெகுநேரம் கழித்துத் தண்ணீர் பிடிக்க வந்த எதிர்வீட்டு மேரிதான் சட்டையை வெட்டி என்னை இழுத்தாள்.

"இன்னாண்ணா இது! யாராண்ட சொல்ட்டு உள்ள பூந்தீங்க?"

யாரிடமும் சொல்லவில்லை. சுரங்கத்தில், உள்ளே போனவர் யாரென்று தெரிய மேலே டோக்கன் கொடுக்காமல் ஒருநாளும் கேஜ் லிஃப்டில் இறங்காதவன் நான்.

இப்போது சக்கரங்களுக்குக் கல் வைத்து, என் பழைய டோக்கனை மேரியிடம் கொடுத்த பிறகே அடியில் போகிறேன். சில நாட்களில், வேலை முடிந்த பிறகும், "அண்ணா, மேல வந்துட்டீங்களா?" என்று அவள் கேட்கும்வரை அங்கேயே படுத்திருக்கிறேன்.