பை என்று ஆரம்பிக்கும் சொல்

"எலும்பப் படிக்கதுக்கா இத்தன வருசம்? கறிக்கடையில ஒரு நாள் நின்னாப் போதுமே" என்றார் தறிக்கூடத்து அண்ணாச்சி. அம்மா வேலை பார்க்கும் கூடம் அவருடையது. நான் எம்.எஸ்சி. சேர்ந்த வாரம், இனிப்பு கொடுக்கப் போயிருந்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. "நான் படிக்கது உசிரோட இருக்க எலும்ப, அண்ணாச்சி" என்றேன்.

"வாயி நல்லாப் படிச்சிருக்கு" என்று இன்னொரு லட்டை எடுத்துக்கொண்டார்.

அந்த வருட விடுமுறையில் அம்மாவுக்கு நானே பாடம் எடுத்தேன். எலும்பு சும்மா கிடக்கும் கல் இல்லை. அதற்குள் செல்கள் புதைந்திருக்கின்றன. பாரம் ஏறினால் அவை உணர்ந்து, இந்த இடம் இன்னும் கெட்டியாக வேண்டும் என்று சொல்லியனுப்பும் என்றேன். அம்மா அதை அப்படியே கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். நூல் மூட்டையை மாடிக்கு ஏற்ற யாராவது முணுமுணுத்தால், "தூக்குட்டி. தூக்குனாத்தான் எலும்பு கெட்டிப்படும். எம்மவ புஸ்தகத்துல போட்டிருக்கு" என்பாளாம். சொன்னதோடு நிற்காமல், தான் இரண்டு மூட்டையாக ஏற்றினாள்.

இரண்டாம் வருடம் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்த வேலையும் அந்தச் செல்களைப் பற்றியதுதான். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால் அவை பாரத்துக்கு எப்படிப் பதில் சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். நாம் நடக்கும்போதும் சுமக்கும்போதும் எலும்பின் நுண்ணிய வழிகளில் நீர் நகரும். செல்கள் பாரத்தை அறிவது பெரும்பாலும் அந்த நகர்வால். அதனால் தட்டில் செல்களை வளர்த்து, மேலே திரவத்தை ஓடவிடுவோம். சில தட்டுகளில் ஈஸ்ட்ரோஜன் இருக்கும், சிலவற்றில் எடுத்துவிடுவோம். எடுத்துவிட்ட தட்டில் பதில் மங்க வேண்டும். எனக்கு மூன்று வாரமாக மங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் போய்ச் செல்களுக்குத் திரவம் மாற்றி, முதுகு ஒடிந்து விடுதிக்கு வருவேன்.

கடைசியில் சீனியர் அக்கா கேட்டாள்: "என்ன கலர் திரவம் போடுற?"

"ரோஸ்தான். எல்லாரும் போடுறது."

"அந்தச் சாயமே லேசா ஈஸ்ட்ரோஜன் வேலை பாக்கும். நிறமில்லாததுல போடு."

எடுத்துவிட்டேன் என்று நான் நம்பியது அங்கேயே இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். நிறமில்லாத திரவத்தில், எதிர்பார்த்தபடியே பதில் மங்கியது.

அந்த வாரம்தான் அம்மா விழுந்தாள். பெரிதாக விழவில்லை. கூடத்து வாசற்படியில் கால் தடுக்கி, கையை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ரயிலில் வந்து இறங்கி, நேராக எலும்பு டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி அவர் கேட்டார்: "நாப்பத்தேழு வயசுக்கு இவ்வளவு மெலிஞ்சிருக்கே. தீட்டு எப்பம்மா நின்னது?"

"பை எடுத்தாச்சுய்யா. பதினோரு வருசமாச்சு."

"ஓவரி?"

அம்மா என்னைப் பார்த்தாள். "அது இருக்கு சார். கர்ப்பப்பை மட்டும்தான் எடுத்தது" என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. வீட்டில் எந்தத் தாளானாலும் பதில் சொல்பவள் நான்தானே.

"பழைய பேப்பர் இருந்தாக் கொண்டு வாங்க" என்றார்.

பீரோவின் அடியில், ஜவுளிக்கடைப் பைக்குள் அந்தக் கோப்பு இருந்தது. பிரித்ததுமே ஞாபகம் வந்தது. ஏழாம் வகுப்பில் இருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நிற்க, அம்மா இந்த டிஸ்சார்ஜ் தாளைத்தான் என் கையில் கொடுத்தாள். "வாசிட்டி, எல்லாரும் கேக்கட்டும்." எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தேன். ஒரு வரியில் 'பைலேட்டரல்' என்று வந்தது. அடுத்த சொல் நீளமாக இருந்ததால் தாவிவிட்டேன். "ஆங், பைன்னுதான் போட்டிருக்கு" என்றாள் அம்மா. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

இப்போது அந்த வரியை வாசித்தேன். பைலேட்டரல் என்றால் இருபக்கமும். நான் தாவிய சொல்லில் சினைப்பைகள், டாக்டர் கேட்ட அதே ஓவரிகள், இருந்தன. கருப்பையோடு, ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள். தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் பேச்சில்தான் எல்லாம் ஒரே 'பை'. பதினோரு வருடமாக அம்மாவின் எலும்பு நிறமில்லாத திரவத்தில்தான் இருந்திருக்கிறது. அதன்மேல் இரண்டு மூட்டை ஏற்றச் சொன்னவள் நான்.

மாவுக்கட்டோடு அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எம்மா, எடுத்தது ஒரு பை இல்ல. மூணு."

"ஒண்ணுதானட்டி எடுத்தாவ. நீதான வாசிச்ச?"

"வாசிச்சேன். அர்த்தம் தெரியல."

"அப்ப தூக்குனாக் கெட்டிப்படும்னியே, அது பொய்யா?"

"பொய்யில்லம்மா. பாரம் வந்தா அந்தச் செல்லுக்குக் கேக்கணும். உனக்கு இப்ப அதுக்குக் காது மந்தம்."

"தறிச் சத்தத்துல எனக்கு ஆன மாரியா?"

"அதே மாரிதான்."

"சரிதான். உள்ளயும் செவிடு, வெளியயும் செவிடு" என்று சிரித்தாள். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "கட்டுப் பிரிச்சதும் கூடத்துக்குப் போவலாம்லா? சும்மா உக்கார வச்சிராத."

"சும்மா உக்காந்தா இன்னும் மோசம். நட, தார்க்குச்சியில நூல் சுத்து. டாக்டர் சொல்லுதது வரைக்கும் மூட்டையத் தொடாத. இடுப்பெலும்பு போச்சுன்னா கூடமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

அவள் சரி என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கோப்போடு தனியாக டாக்டரிடம் போனேன். "நேத்து நான் சொன்னது தப்பு சார்" என்றேன். கோப்பைப் பிரித்து அந்த வரியைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்த பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம் என்றார்.

வரும் வழியில் தறிக்கூடத்தில் ஏறினேன். ஒரு தறி நிற்கும்வரை காத்திருந்து, அண்ணாச்சியின் காதருகே போய், "அம்மா இனி மூட்டை தூக்க மாட்டா. தார் சுத்துத எடத்துல போடுங்க" என்றேன்.

"யாரு சொன்னா?"

"எலும்பு படிச்சவ சொல்லுதேன்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அங்கிருந்து திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, ஸ்கேனுக்கு வியாழக்கிழமை டோக்கன் வாங்கினேன். கொடுத்த படிவத்தில் 'முந்தைய அறுவை சிகிச்சை' என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். கருப்பை, இருபக்கச் சினைப்பைகள் என்று எழுதினேன். எழுதியதை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குள் நீட்டினேன்.