கம்பத்துக்கு உள்ளேயா, வெளியேயா

என் அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். நாள் முழுக்கக் கட்சிக்காரர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுவிட்டு வருகிறவர் என்பதால், வீட்டில் யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார். மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். பால்காரன் தாமதமாக வந்தால்கூட அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பார். நான் ஒருநாளும் இப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்ததுண்டு. ஆறாவது பாரம் முடித்த வருஷம், ஒரே ஒரு பந்தினால், அந்த நினைப்பு போயிற்று.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பாதியைத் தோண்டிப் பதுங்குகுழி வெட்டி வைத்திருந்தார்கள். மிச்சப் பாதியில்தான் புட்பால். ரப்பர் கிடைக்காததால், பந்துக்குள்ளே இருந்த பிளாடரில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. பூட்ஸ் என்பதை நாங்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காலில்தான் பார்த்திருக்கிறோம். கணுக்காலில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வெறுங்காலால் ஆடினோம். நான் உயரம், கை நீளம். அதனால் என்னைக் கோலில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு முன்னால் ரைட் பேக்காக நின்றவன் திருவல்லிக்கேணிப் பையன். பெரிய மசூதிக்குப் பின்னால் அவன் வீடு. அவனுடைய அத்தா அத்தர் கடை வைத்திருந்தார். மைதானத்தில் வியர்த்து ஊற்றும்போதும் அவன் சட்டையில் மல்லிகை வாசனை வரும். ஆட்டத்தின்போது நான் கூப்பிடாமலே என் குரல் அவனுக்குக் கேட்கும். அப்படி ஒரு சிநேகம்.

அந்த வருஷம் பள்ளிக்கூடங்களுக்கிடையேயான போட்டியில் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டோம். எதிர்க்கட்சி, ஒரு கல்லூரியோடு சேர்ந்த பள்ளிக்கூடம். இரண்டுக்கும் ஒரே நிர்வாகம், ஒரே மைதானம். அங்கேதான் ஆட்டம். அந்தக் கல்லூரியின் பிஸிகல் டைரக்டர் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காக்கி அரைக்கால் சட்டையும் கார்க் தொப்பியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. ஆட்டம் முடியப்போகிற சமயத்தில் அவர்களுடைய லெப்ட் அவுட் பந்தைத் தனியாக உருட்டிக்கொண்டு வந்து, ஓரத்திலிருந்து தரையோடு தரையாக அடித்தான். நான் பாய்ந்தேன். விரல் நுனியில் பந்து உரசியது. கம்பத்தின் உட்பக்கமாகப் புகுந்து, பின்னால் இருந்த வேலிக்குள் போய் விழுந்தது. கோலுக்கு வலை கிடையாது. பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்று தூரத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் கோல் என்றார்கள், நாங்கள் இல்லை என்றோம். அதாவது, எங்கள் ஆட்கள் இல்லை என்றார்கள். நான் இன்னும் தரையில் கிடந்தேன்.

ரெப்ரி ஓடி வந்தார். அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கீப்பர், நீ சொல்லுப்பா. உள்ளேயா, வெளியேயா?"

"உள்ளே சார்," என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது. பெரிய அரிச்சந்திரன் என்று யாரும் எண்ண வேண்டாம்; கேட்டார், சொன்னேன், அவ்வளவுதான். விசில் ஊதினார். தோற்றோம்.

எங்கள் கேப்டன் மாம்பலத்துப் பையன், ஒரு டாக்டரின் மகன். அவன் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"நீ எதுக்குடா வாயைத் திறந்தே? தெரியலைன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமில்லே?" என்னை விட்டுவிட்டு என் சிநேகிதன் பக்கம் திரும்பினான். "நீ கம்பத்துக்கிட்டதானே நின்னே? நீ பார்த்தியா?"

அவன் குனிந்து கணுக்கால் துணியை அவிழ்த்தான். "இல்லபா. எனக்கு ஒண்ணியும் தெர்ல," என்றான்.

அதோடு போயிருந்தால் கோபம் நாலு நாளில் ஆறியிருக்கும். கோடையில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவுகள் வந்தன. நான் சுமாராகத் தேறியிருந்தேன். கல்லூரியைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. அப்பா என்னைத் தட்டெழுத்துப் பயிற்சிக்கு அனுப்பத் தீர்மானித்திருந்தார். அப்போது தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பி, அந்தக் கல்லூரி எனக்கு இண்டர்மீடியட்டில் இடம் தருகிறது, படிப்புச் சம்பளம் கட்ட வேண்டாம், அவர்கள் டீமில் விளையாடினால் போதும் என்றார். எங்களைத் தோற்கடித்த பள்ளிக்கூடத்தின் அதே கல்லூரி.

ஓட்டமாக வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அன்னிக்கு அவாளுக்குக் கோல்னு சொன்னது நீதானே?"

"ஆமாம்ப்பா."

"அதுக்கு முன்னாடி, மரத்தடியில உக்காந்திருந்தான்னியே, அந்தத் தொப்பிக்காரனைப் பார்த்திருக்கியா? பேசியிருக்கியா?"

"இல்லை."

"யாரையாவது விட்டுப் பேசச் சொன்னானா?"

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "ஏன்னா, கொழந்தைய இப்படிக் கோர்ட்டுல நிறுத்தின மாதிரி கேக்கறேளே!"

"ஊர் கேக்கப்போறது. அதுக்கு முன்னாடி நான் கேட்டுக்கறேன்," என்றார் அப்பா. கடைசியில் சேரச் சொல்லிவிட்டார். ஆனால் என்னை நம்பினதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊர் கேட்டது. அந்த இடத்துக்குக் கேப்டனும் ஆசைப்பட்டிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேட்சை விற்றுவிட்டுக் காலேஜ் சீட்டு வாங்கினவன் என்று அவன் சொன்னது லஸ் முனையிலிருந்து மாம்பலம் வரைக்கும் போயிற்று. தெருவில் என்னைக் கண்டால் பழைய டீம் பையன்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். திருவல்லிக்கேணிச் சிநேகிதன் அதைக்கூடச் செய்யவில்லை. டிராமில் என்னைப் பார்த்ததும் ஓடுகிற வண்டியிலிருந்தே இறங்கிப் போனான். மற்றவர்கள் சந்தேகப்பட்டது எரிச்சலாக இருந்தது. இவன் சந்தேகப்பட்டது வேறு மாதிரி வலித்தது.

கல்லூரியில் இதைவிட மோசம் காத்திருந்தது. டீமில் பாதிப் பேர் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். முதல் நாள் பிராக்டிஸில் ஒருவன் என் முதுகில் தட்டி, "வாப்பா, நீ அப்பவே நம்ம ஆளாச்சே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அது கேலியா, நன்றியா என்று விளங்கவில்லை. எங்கள்மேல் கோல் போட்ட லெப்ட் அவுட்டும் அங்கே இருந்தான். நல்லவன்தான். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டான்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அன்னிக்கு நிஜமாவே உள்ளே போச்சா? அடிச்ச எனக்கே வெளியே போன மாதிரிதான் இருந்தது."

கோல் போட்டவனே நம்பவில்லை! அன்று எல்லோரும் போன பிறகு அந்தக் கம்பத்தடியில் போய் நின்றேன். விழுந்த இடத்தில் விழுந்து பார்த்தேன். தரையிலிருந்து பார்த்தால் கம்பம் சாய்ந்தாற்போலத் தெரிந்தது. பந்து உள்ளே போனதைத்தான் பார்த்தேனா, இல்லை, தோற்றுவிட்டோம் என்ற பயத்தில் அப்படிப் பட்டதா? என் கண்ணையே நம்பலாமா என்று தோன்ற ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சந்தேகித்தேன். யாராவது பந்தை மெதுவாக அடித்தால், என்னைச் சோதிக்கிறானோ என்று நினைப்பேன். வேகமாக அடித்தால், என்னை டீமைவிட்டே கிளப்பப் பார்க்கிறானோ என்று நினைப்பேன். பிஸிகல் டைரக்டர் பாராட்டினால் உடம்பு கூசும். கடைசியில் பொறுக்க முடியாமல் அவர் அறைக்குப் போனேன். கிழிந்த பந்து ஒன்றின் வாயை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

"சார், என்னை எதுக்கு எடுத்தீங்க?"

"எதுக்குன்னா?"

"அன்னிக்கு நான் கோல்னு சொன்னதாலயா?"

தையலை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கோல்னு சொன்னியா? எப்போ? நான் பாதி ஆட்டத்திலேயே எழுந்து போயிட்டேன். வீட்ல சம்சாரத்துக்கு ஜுரம். முதல் பாதியில ஒரு கார்னரை ஒத்தைக் கையால குத்தித் தள்ளினே பாரு, அது போதும்னு எழுந்தேன். கோலைப் பத்தி என்கிட்ட எவனும் சொல்லலை. ஏன், ஏதாவது தகராறா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் படி இறங்கும்போதே, இவர் இவ்வளவு தெளிவாகச் சொன்னதே முன்கூட்டி யோசித்து வைத்திருந்ததுபோல இருக்கிறதே என்று ஒரு எண்ணம் வந்தது. அது என் அப்பாவின் குரலில் வந்தது.

அடுத்த வருஷம் யுத்தம் முடிந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் பிராக்டிஸுக்கு வந்தபோது அவர்களில் திருவல்லிக்கேணிக்காரனும் நின்றான். இங்கிலீஷில் ஒருமுறை தவறி, மறுபடி எழுதித் தேறியிருந்தான். அவனையும் பிஸிகல் டைரக்டர்தான் எங்கேயோ பார்த்துக் கொண்டுவந்திருந்தார். இவ்வளவு கல்லூரி இருக்க, இவன் ஏன் இங்கே வந்தான்? இங்கிருக்கிற கொஞ்ச நஞ்ச மரியாதையையும் கெடுக்க வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். பழையபடி எனக்கு முன்னால் ரைட் பேக்காக நின்றான். "விடு," "என் பந்து," "இடது பக்கம்": இதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. இருந்தும், நான் எங்கே பாய்வேன் என்பது அவனுக்கு முன்போலவே தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

ஒரு நாள் பிராக்டிஸ் நடுவே ஐப்பசி மழை கொட்டியது. மற்றவர்கள் கட்டடத்துக்கு ஓடினார்கள். நாங்கள் இருவரும் கோலடியில் இருந்ததால், பக்கத்திலிருந்த ரோலர் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். ஆளுக்கொரு மூலையில் சட்டையைப் பிழிந்தோம். பிறகு அவன் மழையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அது கோல்தான் நைனா."

"எது?"

"அன்னிக்கு. நான் பாத்தேன். கம்பத்தாண்டதானே நின்னுகினு இருந்தேன். கம்பத்துக்கு உள்ளதான் பூந்துச்சு. நல்லா ஒரு ஜாண் உள்ள."

அவன் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"பார்த்தியா? பார்த்துட்டா ஒண்ணும் தெரியலைன்னே? ஒன்றரை வருஷமாடா! என் கண்ணே பொய்யோன்னு நான் அலைஞ்சிண்டிருந்தேன். நீ டிராம்லேர்ந்து குதிச்சுப் போனியே!"

"உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு தெர்லபா, அதான் குதிச்சேன். நீ திருடன்னு நெனச்சு இல்ல." கையை எடுத்துவிட்டான். "அன்னிக்கு அத்தினி பேரும் உன்னை முறைச்சுகினு இருந்தானுங்க. நானும் ஆமான்னா இன்னா சொல்லுவானுங்க? இவங்க ரெண்டு பேரும் சேந்து வித்துட்டானுங்கன்னுதான். டீம்ல நான் ஒருத்தன்தானே சாய்பு. என் தலைல பழி கொஞ்சம் அதிகமாவே வெப்பானுங்க. பயந்துட்டேன்."

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது. அன்று அவன் ஆமாம் என்றிருந்தால் அதுதான் நடந்திருக்கும். அதே சமயம், நான் தனியாக அனுபவித்ததை ஒரு வார்த்தையால் பாதியாக்கியிருக்கலாமே என்ற ஆத்திரமும் அடங்கவில்லை. கடைசியில், "இப்ப வந்து சொல்லு. கேப்டன்கிட்ட," என்றேன்.

"இப்பவே வரேன்," என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் மாம்பலத்துக்கு நடந்தோம். கேப்டன் வேறு கல்லூரியில் சேர்ந்திருந்தான். புட்பாலை விட்டுவிட்டு டாக்டராவதற்குப் படித்துக்கொண்டிருந்தான். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் அவன் முகம் மாறியதைக் கவனித்தேன். முன்னறையில் உட்காரச் சொன்னான். சர்க்கரைக் கட்டுப்பாட்டுக் காலம்; அவனுடைய அம்மா வெல்லம் போட்ட காபி கொடுத்தார். என் சிநேகிதன் டம்ளரைத் தொடாமல், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பார்த்தது, பயந்தது, டிராமிலிருந்து குதித்தது உட்பட. அவன்மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேதான் போயிற்று.

கேப்டன் முழுக்கக் கேட்டான். பிறகு கேட்டான்: "நீ இப்ப எங்கே படிக்கிறே?"

"இவன் காலேஜ்லதான்."

"சம்பளம்?"

"கட்ட வேணாம்னுட்டாங்க. டீம்ல ஆடறேன்ல."

கேப்டன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "அதானே பார்த்தேன். முதல்ல இவன் போனான். இவன் போய் உனக்கு வாங்கிக் கொடுத்தான். இப்ப ரெண்டு பேரும் என்கிட்ட வந்து கோல்தான்னு சத்தியம் பண்றீங்க. அன்னிக்கே பேசி வச்சுக்கிட்டதுதானே இது?"

நான் எழுந்துவிட்டேன். என்ன சொன்னாலும் அது இன்னொரு சாட்சியமாகிவிடும் என்று தோன்றியது. வெளியே வந்ததும் என் சிநேகிதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நான்தான் சொன்னேன்ல! ரெண்டு பேரும் சேந்துன்னுவான்னு சொன்னேன்ல!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மயிலாப்பூர் வரும்வரை அவன் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அபூர்வமாகக் குறுக்கே பேசாமல் கேட்டார். "அந்தப் பையன் தானா வந்து சொன்னானா, நீ கேட்டுச் சொன்னானா?" என்றார். தானாகத்தான் என்றேன். "சரி," என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த அதிகபட்சம் அதுதான். எனக்கு அது போதுமாயிருந்தது.

அந்த வருஷம் கல்லூரிகளின் போட்டியில் நாங்கள் அரையிறுதி வரை போனோம். அன்று என் கோலுக்குப் பின்னால், வலைக்கு அப்பால், கூட்டத்தோடு சேராமல் தனியாக ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேப்டன். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் பக்கம் மாறினோம். அவனும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்து மறுபடி என் பின்னாலேயே நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை, கை தட்டவில்லை. அன்று எனக்கு வந்த பந்துகளை எல்லாம் பிடித்தேன், கடைசியில் ஒன்றைத் தவிர. அதில்தான் தோற்றோம். எழுந்து திரும்பிப் பார்த்தபோது அவன் சைக்கிளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தான். எங்களைச் சந்தேகப்பட்டதற்கு வருந்தி வந்தானா, என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தானா என்று நானும் என் சிநேகிதனும் கிழவர்களான பிறகும் பேசிக்கொண்டிருக்கிறோம். வருந்தித்தான் வந்தான் என்று என் சிநேகிதன் சொல்வான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.