ஒரே சட்டிச் சோறு

ஐம்பதுகளின் கடைசியில், விராலிமலையில் மெயின் ரோட்டோரமாக நானும் என் கணவரும் சாப்பாட்டுக் கடை நடத்தினோம். அவர் நெஞ்சுவலி வந்து படுத்ததும் கடை முழுக்க என் தலையில் விழுந்தது. லாரிக்காரர்களுக்குச் சமைத்து முடித்த கையோடு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் அவருக்கென்று உப்பு, காரம், தாளிப்பு எதுவும் இல்லாமல் தனியாகச் சட்டி ஏற்ற வேண்டும். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

எங்களிடம் ஒரு செவலை நாய் இருந்தது. இலைகளில் மிஞ்சிய சால்னாச் சோறுதான் அதற்குச் சாப்பாடு. ஒரு நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்துக் கிடந்தது. மூத்திரம் காப்பித்தண்ணி நிறத்தில் போனது. கடையைச் சாத்திவிட்டு, சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

என்ன தின்றது என்று டாக்டர் கேட்டார். சொன்னேன்.

"வெங்காயம் நாய்க்கு ஆகாதும்மா. ரத்தத்தையே கெடுத்துரும். வெந்த எலும்பும் போடாதீங்க, செதறிக் கொடலைக் குத்தும்."

"அப்ப என்னதாங்க போடுறது?"

"வெறுஞ்சோறு, வேகவச்ச பூசணிக்கா, எலும்பில்லாத கறி ரெண்டு துண்டு. உப்பு, மசாலா வேணாம்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்று மத்தியானம் கணவரின் சட்டியில் இன்னொரு பிடி அரிசி கூடப் போட்டேன்.

"எனக்கும் நாய்க்கும் ஒரே சட்டியா?" என்றார் அவர்.

"எனக்கு ரெண்டு கைதாங்க இருக்கு" என்றேன்.

அன்று அவர் சாப்பிடவே இல்லை. மறுநாள் நான் கடையிலிருந்து வந்தபோது, நாய் அவர் கட்டிலடியில் படுத்திருந்தது. அவர் பூசணிக்காயை மசித்து, சோற்றோடு பிசைந்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"நான் திங்காம இதும் திங்க மாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டே தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

நாய் மெதுவாகத் தேறி எழுந்து நடமாடியது. அவரும் சில வருஷம் இருந்தார். அவர் போன பிறகு எனக்கென்று தனியாக உலை வைக்க மனசும் இல்லை, உடம்பும் இல்லை. நாய்க்கு வடித்ததையே நானும் தின்றேன். எனக்கு மட்டும் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய்.